“கீழ விழுந்துட்டாரு”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க: சைக்கிள் விபத்தும் இழப்பீடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கேன். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியாச்சு.)

இன்னைக்கு டெக் கிடையாது, சம்பளப் பேச்சு கிடையாது, ஸ்டார்ட்அப் கதையும் கிடையாது. சைக்கிள்ல போற ஒருத்தரை கார் இடிச்சா என்ன பண்ணணும், இழப்பீடு எப்படி வாங்கணும். இதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நம்ம ஆடியன்ஸ்ல ஈ.சி.ஆர்.ல வீக்கெண்ட் ரைட் போறவங்க நிறைய பேர் இருக்கீங்க. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். ஹெல்மெட், பின்னாடி சிவப்பு லைட், கையில வாட்ச்னு எல்லாம் வெச்சிருப்போம். இடிச்சா அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன பண்ணணும்னு கேட்டா மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க மாமாவுக்கு நடந்ததுக்கு அப்புறம்தான் கத்துக்கிட்டேன். அதுலயும் பாதியைத் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

தை அமாவாசை காலையில

எங்க ஊரு வ. புதுப்பட்டி. விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு பக்கம். அந்த ‘வ’ வத்திராயிருப்புதான். மேற்குப் பக்கம் மலை, சுத்தி தென்னந்தோப்பு. அமாவாசை, பௌர்ணமி வந்தா சதுரகிரிக்குப் போற வண்டி எல்லாம் கிருஷ்ணன்கோவில் வழியா எங்க பக்கம் வந்து தாணிப்பாறைக்குப் போகும். தை அமாவாசை, ஆடி அமாவாசைன்னா கேக்கவே வேண்டாம்.

எங்க அம்மாவோட தம்பிக்கு அப்போ வயசு 48. ரெண்டு மாடு, குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் தோப்பு. தினமும் விடியக்காலையில சைக்கிள் கேரியர்ல கேனைக் கட்டிக்கிட்டு பால் சொசைட்டிக்குப் போவாரு. 2023 ஜனவரி 21, தை அமாவாசை, சனிக்கிழமை. பனி. பின்னாடி வந்த கார் தட்டிருச்சு. மாமா ரோட்டோரம் விழுந்துட்டாரு. வலது கால்ல முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா உடைஞ்சிருச்சு.

கார் ஓட்டினவர் நிறுத்தாம ஓடலை. அதை முதல்ல சொல்லிடணும். இறங்கி, மாமாவைத் தன்னோட கார்லயே தூக்கிப் போட்டுக்கிட்டு, அத்தையையும் ஏத்திக்கிட்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அங்க வாசல்ல நின்னு அத்தைகிட்ட கெஞ்சியிருக்காரு. “அக்கா, போலீஸ் கேஸ் ஆயிட்டா என் வாழ்க்கையே போயிடும். சைக்கிள்ல இருந்து கீழ விழுந்துட்டாருன்னு சொல்லிடுங்க. ஆஸ்பத்திரி செலவு முழுசும் நான் பாத்துக்கறேன்.”

அத்தைக்குப் பதற்றம். மாமா வலியில கத்திக்கிட்டு இருக்காரு. தூக்கிட்டு வந்தவன் பாவம், சின்னப் பையன். டாக்டர் கேட்டப்போ, “கீழ விழுந்துட்டாரு சார்”னு சொல்லிட்டாங்க.

அந்த ரெண்டு வார்த்தையை அழிக்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஏ.ஆர். காப்பின்னா என்ன?

விபத்துல அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, டூட்டி டாக்டர் ஒரு ரெஜிஸ்டர்ல எழுதுவாரு. ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். எல்லாரும் ஏ.ஆர்.னு சொல்லுவாங்க. எத்தனை மணிக்கு வந்தாரு, யார் கூட்டிட்டு வந்தாங்க, எப்படி அடிபட்டுச்சு, எங்கெங்க காயம். எல்லாம் அதுல இருக்கும். நம்ம பாஷையில சொன்னா அதுதான் முதல் லாக். பின்னாடி எடிட் பண்ண முடியாது.

தீர்ப்பாயத்துல இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதல்ல கையில எடுக்கறது அந்தக் காகிதத்தைத்தான். எங்க மாமாவோட ஏ.ஆர்.ல கார் என்கிற வார்த்தையே இல்லை. சைக்கிள்ல இருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்டதுன்னு மட்டும் இருந்துச்சு. “தானாக விழுந்தவர் இழப்பீட்டுக்காகப் பிறகு காரை உள்ளே கொண்டு வந்திருக்கிறார்” என்பதுதான் அவங்க வாதம். அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அதனால இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும்: டாக்டர்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. கார் இடிச்சதுன்னா கார் இடிச்சதுன்னு சொல்லுங்க. வண்டி நம்பர் தெரிஞ்சா அதையும் சொல்லி எழுதச் சொல்லுங்க. எழுதினதை அங்கயே படிச்சுப் பாருங்க.

30,000 ரூபாய் பேச்சுவார்த்தை

நான் சென்னையில இருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில மதுரைக்குப் போய் இறங்கினேன். மாமாவை அதுக்குள்ள அங்க ஒரு ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருந்தாங்க. பிளேட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே கார் ஓட்டினவரோட சொந்தக்காரங்க நாலு பேர் பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டு வந்தாங்க. 30,000 ரூபாய் தர்றோம், எழுதிக் குடுத்துடுங்க, பேசி முடிச்சுக்கலாம்னு சொன்னாங்க.

மாமா கிட்டத்தட்டச் சரின்னுட்டாரு. “மாப்ள, அந்தப் பையனுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சாம். அவன் வயித்துல அடிச்சு நமக்கு என்ன வரப்போகுது?”

நம்ம ஊர்ல நிறைய பேர் கேஸ் போடாம விடறதுக்குக் காரணம் பயம் இல்லை. இந்த இரக்கம்தான். அந்த இரக்கம் நல்லதுதான். ஆனா இழப்பீட்டுப் பணம் அந்தப் பையன் பையில இருந்து வரப்போறதில்லை. இது மாமாவுக்குத் தெரியாது. அந்தப் பையனுக்கே தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாம எந்த மோட்டார் வண்டியும் பொது ரோட்டுக்கு வரக் கூடாது. முதல் நபர் வண்டிக்காரர், ரெண்டாவது காப்பீட்டு நிறுவனம், மூணாவது ரோட்டுல போற நாம. நடந்து போறவர், சைக்கிள்ல போறவர், எல்லாரும் அதுல அடக்கம். 1000-ல இருந்து 1500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு 2022 ஜூன்ல நிர்ணயிச்ச மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். கார் வாங்குற ஒவ்வொருத்தரும் ஒரு வரியைப் போல நினைச்சுக் கட்டுற அந்தப் பணம் எதுக்குன்னா, எங்க மாமா மாதிரி ஒருத்தருக்காகத்தான். அந்த பிரீமியத்தை அரசாங்கம்தான் நிர்ணயிக்குது. இவர் மேல ஒரு கேஸ் வந்ததால இவருக்கு மட்டும் அது ஏறாது.

நான் என் போன்ல எம்-பரிவாகன் ஆப்ல அந்தக் கார் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். காப்பீடு உயிரோட இருந்துச்சு. அதைக் காட்டினதுக்கு அப்புறம்தான் மாமா முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. “அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” கிரிமினல் கேஸ் ஒண்ணு வரும், அபராதம் கட்ட வேண்டியிருக்கும், அதை மறைக்க முடியாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “சரி, போட்டுரு”ன்னாரு.

திங்கக்கிழமை எஃப்.ஐ.ஆர். பதிவாச்சு. விபத்து நடந்து ரெண்டு நாள் கழிச்சு. இந்தத் தாமதத்தையும் பின்னாடி கேள்வியாக்கினாங்க. எஃப்.ஐ.ஆர். தாமதம் என்கிற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே சொல்லியிருக்கு. அடிபட்டவரைக் காப்பாத்துறதுதான் வீட்டு ஆளுங்களுக்கு முதல் வேலை, ஸ்டேஷனுக்கு ஓடறது இல்லைங்கறதை அந்தத் தீர்ப்பு ஏத்துக்கிட்டுது. இருந்தாலும் சாக்கு சொல்ற நிலைமைக்கு நாம போகக் கூடாது. அன்னைக்கே குடுங்க.

அப்போ எங்க எஃப்.ஐ.ஆர். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகள்ல வந்துச்சு. 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடந்த விபத்துன்னா பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகள்ல வரும்.

என்னுடைய தப்பு

இதுவரைக்கும் அத்தை பண்ண தப்பு. இப்போ நான் பண்ணது.

நான் இன்ஜினியர். எல்லாத்தையும் படிச்சுட்டேன்னு ஒரு திமிர். சட்டத்துல என்ன இருக்குன்னா, விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். 50 நாள்ல இடைக்கால அறிக்கை. 90 நாள்ல விரிவான அறிக்கை. இது 2022 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்த விதி. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவா எடுத்துக்கணும்னு பிரிவு 166(4) சொல்லுது. 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை நாடு முழுக்கச் சரியா நடைமுறைப்படுத்தணும்னு விரிவா உத்தரவே போட்டிருக்கு.

படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆட்டோமேஷன்! நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், பின்னாடி ஒரு கிரான் ஜாப் ஓடிக்கிட்டே இருக்கும், மனு தானா போயிடும்னு நினைச்சு சென்னைக்கு வந்துட்டேன்.

ஜாப் ஓடலை. அந்த ஸ்டேஷன்ல இருந்து எதுவும் தீர்ப்பாயத்துக்குப் போகலை. நானும் கேக்கலை.

ஜூலை முதல் வாரம் ஒரு வேலையா ஸ்ரீவில்லிபுத்தூர் போனப்போ, அம்மா சொன்னாங்களேன்னு ஒரு வக்கீலைப் பார்த்தேன். விருதுநகர் மாவட்டத்தோட முதன்மை நீதிமன்றம் விருதுநகர்ல இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு. அவர் எஃப்.ஐ.ஆர். தேதியைப் பார்த்தாரு, காலண்டரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

“தம்பி, ஆறு மாசம்தான் டைம். 21-ஆம் தேதியோட முடியுது. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?”

அந்த ஆறு மாசக் கெடுவுக்கு ஒரு கதை இருக்கு. 1988-ல சட்டம் வந்தப்போ கெடு இருந்துச்சு. 1994-ல திருத்தம் போட்டு அதை எடுத்துட்டாங்க. 2019 திருத்தத்துல திரும்பக் கொண்டு வந்தாங்க, 2022 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்துச்சு. அதனாலதான் ஊர்ல பழைய ஆளுங்க “மெதுவா போட்டுக்கலாம், இதுக்கெல்லாம் டைம் கிடையாது”ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது பொய் இல்லை, பழைய வெர்ஷன். 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டுது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் முடியற வரைக்கும், காலதாமதம்னு மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ளுபடி பண்ண வேண்டாம்னு. நல்ல விஷயம். ஆனா இடைக்கால உத்தரவை நம்பி உக்காந்திருக்காதீங்க. ஆறு மாசம்னு நினைச்சே வேலை பாருங்க.

நாங்க ஜூலை 17, திங்கக்கிழமை மனு போட்டோம். நாலு நாள் மிச்சம். எங்க பக்கம் இதை எம்.சி.ஓ.பி. கேஸ்னு சொல்லுவாங்க. விபத்து நடந்த இடம், நீங்க குடியிருக்கற இல்ல தொழில் பண்ற இடம், எதிர்த்தரப்பு குடியிருக்கற இடம், இதுல எந்த எல்லையில இருக்கற தீர்ப்பாயத்துலயும் போடலாம். சென்னையில இருந்துக்கிட்டு ஊட்டியில அடிபட்டீங்கன்னா ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை ஏற வேண்டியதில்லை.

2.5 லட்சமா, வழக்கா?

ஒரு முக்கியமான இடத்துக்கு வர்றோம். ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, பிரிவு 164. யார் மேல தப்புன்னு நிரூபிக்கவே வேண்டாம். உயிரிழப்புன்னா 5 லட்சம், கொடுங்காயம்னா 2.5 லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். ரெண்டாவது வழி, பிரிவு 166. இதுல ஓட்டுநரோட கவனக்குறைவைக் காட்டணும். தொகை எவ்வளவுன்னு தீர்ப்பாயம் கணக்குப் போடும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. 164-ன் கீழ் வர்ற தொகையை ஏத்துக்கிட்டா, 166-ல போட்ட மனு செல்லாமப் போயிடும். ரெண்டும் கிடைக்காது. அதனால யாராவது ஒரு பேப்பரை நீட்டினா, எந்தப் பிரிவுன்னு படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. சாட்சி இல்லை, கேமரா இல்லை, தப்பு யார் மேலன்னு காட்டவே முடியாதுன்னா 164 நல்ல வழி. சின்ன வயசு, நிரந்தர ஊனம், வேலையைப் பாதிக்குதுன்னா 166-ஐ யோசிங்க.

166-ல எப்படிக் கணக்குப் போடறாங்க? இது நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும், ஏன்னா ஃபார்முலா. எங்க மாமா கேஸையே எடுத்துக்கறேன்.

மாத வருமானம் 20,000-ன்னு கேட்டோம். சம்பளச் சீட்டு கிடையாது. பால் சொசைட்டி பாஸ்புக்தான் இருந்துச்சு. 12,000-ன்னு எடுத்துக்கிட்டாங்க. எதிர்காலத்துல வருமானம் ஏறும் இல்லையா, அதுக்கு ஒரு பங்கு சேர்ப்பாங்க. சொந்தத் தொழில், 40-ல இருந்து 50 வயசுன்னா 25 சதவீதம். 2017-ல வந்த பிரணய் சேத்தி தீர்ப்புல இருந்து வர்ற கணக்கு இது. ஆக மாசம் 15,000, வருஷம் 1,80,000. அடுத்து வயசுக்கு ஏத்த பெருக்கல் எண். 2009-ல வந்த சரளா வர்மா தீர்ப்புப்படி 46-ல இருந்து 50 வயசுக்கு 13. பெருக்கினா 23,40,000.

இப்போ ஊனம். மெடிக்கல் போர்டு அந்தக் காலுக்கு 25 சதவீதம்னு சொன்னுது. ஆனா காலுக்கு 25-ன்னா சம்பாதிக்கற திறன் 25 குறைஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை. ராஜ்குமார் தீர்ப்புன்னு ஒண்ணு இருக்கு, உச்ச நீதிமன்றத்தோடது. அதுல அழகா விளக்கியிருக்காங்க. இடது கை போன ஒரு தச்சருக்கோ டிரைவருக்கோ வருமானம் கிட்டத்தட்ட முழுசாப் போகலாம். அதே கை போன ஒரு அரசாங்க குமாஸ்தா வேலையில தொடரலாம். உடம்பு இழந்தது வேற, பிழைப்பு இழந்தது வேற. எனக்கு அதே கால் உடைஞ்சிருந்தா, நாலு வாரத்துல லேப்டாப்பைத் திறந்திருப்பேன். மாமாவால கேனைக் கட்டிக்கிட்டு சைக்கிள் மிதிக்க முடியலை, தோப்புல வாய்க்கால் தாண்ட முடியலை. தீர்ப்பாயம் வருமான இழப்பை 15 சதவீதம்னு முடிவு பண்ணுது. 23,40,000-ல 15 சதவீதம் 3,51,000.

அதோட படுத்திருந்த நாலு மாச வருமானம் 48,000. ஆஸ்பத்திரி பில் 62,000. வலி, வேதனைக்கு 40,000. சத்துணவு, போக்குவரத்து, கூட இருந்து பாத்துக்கிட்டவருக்கு எல்லாம் சேர்த்து 25,000. மொத்தம் 5,26,000.

பில்லை எல்லாம் பத்திரமா வெச்சிருந்தது அத்தைதான். ஒரு மஞ்சப் பையில, தேதி வாரியா. ஏ.ஆர். விஷயத்துல அவங்களைத் திட்டினேன்ல, இதுக்குப் பாராட்டவும் செய்யணும்.

20 சதவீதம் நம்ம மேல

ஆனா முழுசா கிடைக்கலை. மாமா சைக்கிள்ல பின்னாடி ரிஃப்ளெக்டர் இல்லை. பனி நேரம். அதனால விபத்துல அவருக்கும் 20 சதவீதம் பங்குன்னு தீர்ப்பாயம் சொல்லிருச்சு. 1,05,200 போச்சு. கையில வந்தது 4,20,800. மனு போட்ட நாள்ல இருந்து வட்டி தனி.

இதுக்குப் பேரு பங்களிப்புக் கவனக்குறைவு. 2017 ஜனவரியில கோவையில ஒரு இன்ஜினியரிங் மாணவர் பைக்ல போறாரு. முன்னாடி போன கார் நெடுஞ்சாலையில திடீர்னு பிரேக் போட, மோதிக் கீழ விழறாரு. பின்னாடி வந்த பஸ் கால்ல ஏறி, காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2025 ஜூலையில தீர்ப்பு. கார் மேல 50, பஸ் மேல 30, மாணவர் மேல 20 சதவீதம். போதுமான இடைவெளி விடலை, லைசென்ஸ் இல்லைன்னு அந்த 20. கிட்டத்தட்ட 1.14 கோடியில 20 சதவீதம் கழிச்சு 91 லட்சம் சொச்சம் கிடைச்சுது. எட்டரை வருஷம் ஆச்சு. கால் போனவருக்கே 20 கழிக்கறாங்கன்னா, நம்ம ரிஃப்ளெக்டரும் லைட்டும் வெறும் பாதுகாப்பு மட்டும் இல்லைன்னு புரிஞ்சுக்கோங்க.

சரி, அந்த “கீழ விழுந்துட்டாரு” என்ன ஆச்சு? மூணு விஷயம் எங்களைக் காப்பாத்துச்சு. ஒண்ணு, மதுரை ஆஸ்பத்திரி ரெக்கார்டுல கார் இடிச்சதா இருந்துச்சு. ரெண்டு, மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்ல காரோட இடது முன் லைட் உடைஞ்சிருந்ததா இருந்துச்சு. மூணு, கார் ஓட்டினவர் மேஜிஸ்திரேட் கோர்ட்ல தப்பை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினாரு. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு தீர்ப்பாயம் கேக்காது. எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பார்க்கும். ஆனாலும் அத்தை கூண்டுல ஏறி, “நான்தான் சார் மாத்திச் சொன்னேன்”னு சொல்ல வேண்டியதாயிருச்சு. கோர்ட்டுக்கே போகாத பொம்பளை. இறங்கி வந்தப்போ கை நடுங்கிட்டு இருந்துச்சு. அதை எந்தத் தலைப்புலயும் கணக்குல சேர்க்கலை.

அந்த நாள் என்ன பண்ணணும்?

கேக்கறவங்க யாராவது நாளைக்கே மாட்டலாம். அதனால சுருக்கமா.

முதல்ல 108. தமிழ்நாட்டுல ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. முதல் 48 மணி நேர சிகிச்சை செலவை, பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரிகள்ல அரசு ஏத்துக்கும். வேற மாநிலத்துக்காரரா இருந்தாலும் பரவாயில்லை. 2025 மே மாசத்துல இருந்து நாடு முழுக்க 1.5 லட்சம் வரைக்கும், ஏழு நாளைக்குக் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டமும் அறிவிச்சிருக்காங்க. சாலைப் பாதுகாப்புக்காக 2012-லயே உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டவர் நம்ம கோவை கங்கா மருத்துவமனை எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். இந்தத் திட்டத்தைச் சீக்கிரம் கொண்டு வரச் சொன்ன 2025 ஜனவரி உத்தரவும் அந்த வழக்குலதான் வந்துச்சு.

ரெண்டாவது, போட்டோ. கார் நம்பர், கார்ல அடிபட்ட இடம், சைக்கிள், ரோடு. சைக்கிளை உடனே ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்க, அது சாட்சி. லட்ச ரூபாய் சைக்கிள்னா அந்தச் சேதத்தையும் மனுவுல கேக்கலாம், பில் வேணும். பக்கத்துக் கடை கேமரா பதிவு சில நாள்ல அழிஞ்சுடும், உடனே போலீஸ்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்லுங்க. வாட்ச்ல, ஆப்ல இருக்கற ரைடு பதிவை டெலீட் பண்ணாதீங்க. மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்ல குடுக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-படி சான்று சேர்க்கணும், வக்கீல் பார்த்துப்பாரு.

மூணாவது, ஆவணங்கள். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ரஃப் ஸ்கெட்ச், வாகன ஆய்வு ரிப்போர்ட், வருமான ஆதாரம், அசல் பில்கள். எஃப்.ஐ.ஆர். காப்பியைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துலயே எடுக்கலாம்.

நாலாவது, ஆஸ்பத்திரி கட்டிலுக்கே வந்து “நான் பாத்துக்கறேன்”னு வெத்து வக்காலத்துல கையெழுத்துக் கேக்கற ஏஜென்ட்டுங்ககிட்ட ஜாக்கிரதை. வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் போய்ப் பாருங்க. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக்காரங்க, இவங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

இடிச்ச வண்டி எதுன்னே தெரியலையா? அதுக்கும் வழி இருக்கு. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல்ல இருந்து இந்தத் தொகை. தாசில்தார் இல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க. நான் சொல்றது கோட்டாட்சியரை, லைசென்ஸ் ஆபீஸ் இல்லை. அப்புறம் உங்க வீட்டுப் பெரியவங்க பேங்க் கணக்குல வருஷம் 20 ரூபாய் பிரதமர் சுரக்ஷா பீமா இருக்கான்னு பாருங்க. விபத்துல உயிர் போனா 2 லட்சம். இந்த இழப்பீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, தனியா வரும்.

கடைசியா

தீர்ப்பு 2025 ஆகஸ்ட்ல வந்துச்சு. பணம் தீபாவளிக்குள்ள மாமா கணக்குல ஏறிருச்சு. அதுல ஒரு பகுதியை டெபாசிட்ல போட்டிருக்காங்க.

மேஜிஸ்திரேட் கோர்ட் வாசல்ல ஒரு நாள் அந்தப் பையனை நான் பார்த்தேன். வயசு என் வயசுதான் இருக்கும். அபராதம் கட்டிட்டு வெளிய வந்தாரு. கோபமா பேசுவாருன்னு நினைச்சேன். “இன்சூரன்ஸ்காரங்கதான் தருவாங்கன்னு அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா, நான் ஏங்க அந்த அக்காவைப் பொய் சொல்ல வெச்சிருக்கப் போறேன்?”னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியிருக்காரு. எதுக்குக் கட்டறோம்னு அவருக்கு யாருமே சொல்லலை.

அதனால இந்த எபிசோடை சைக்கிள் ஓட்டறவங்களுக்கு மட்டும் அனுப்பாதீங்க. கார் வெச்சிருக்கற நண்பர்களுக்கும் அனுப்புங்க. இடிச்சுட்டா நிறுத்துங்க, தூக்கிட்டுப் போங்க, உண்மையைச் சொல்லுங்க. அதுக்கான பணத்தை நீங்க ஏற்கெனவே கட்டியிருக்கீங்க.

மாமா இப்போ சைக்கிள் ஓட்டறதில்லை. ஓட்ட முடியலை. பாலை சொசைட்டிக்கு அத்தைதான் கொண்டு போறாங்க, அதே சைக்கிளை உருட்டிக்கிட்டு. பின்னாடி மட்கார்டுல ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி வெச்சிருக்கேன். போன தடவை ஊருக்குப் போனப்போ அதுல ஒண்ணைக் காணோம். வாங்கி ஒட்டிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கேள்வி இருந்தா அனுப்புங்க. நான் வக்கீல் இல்லை, அதனால உங்க கேஸுக்கு ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிட்டு முடிவு பண்ணுங்க. பார்த்து ஓட்டுங்க மக்களே. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.